வாசனை இல்லாத டிரம்

தேசம்மா வீட்டுக்குத் தண்ணீர் டிரம் கொடுத்தது நான். அது எண்ணெய் வந்த டிரம். பிளாஸ்டிக்கை இளக்குவதற்குப் பைப் கம்பெனியில் ஊற்றுகிற எண்ணெய். அது எனக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அவள் குழந்தை அந்த டிரம் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்தது இதுதான். இனி எழுதப்போவது எப்படிச் செய்தேன் என்பது மட்டும்.

நீங்கள் யாரோ. உங்களிடம் சொல்ல முடிகிறது... அவளிடம் முடியவில்லை.

என் வேலை டிரம் கழுவுவது. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் பட்டறை. கம்பெனிகளில் காலியான நீல டிரம்கள் லாரியில் வந்து இறங்கும். ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுப்போம். மேல்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து வாய் திறப்பார்கள். சோடாக் காரமும் சோப்புத் தூளும் போட்டு நான் தேய்ப்பேன். காய்ந்ததும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன்.

நெடி அடித்தால் அந்த டிரம் கட்டட வேலைக்குப் போகும். லேசாக வாடை இருந்தால் துணி துவைக்க. வாடையே இல்லாததுதான் உசத்தி. அதற்கு எங்கள் பட்டறையில் மாம்பழக் கூழ் டிரம் என்று பெயர். கூழ் கம்பெனியிலிருந்து வந்தது என்று சொல்லி, குடிக்கிற தண்ணீருக்கு விற்போம். லேபிளைச் சுரண்டிய பிறகு எது கூழ், எது வேறு? யார் கேட்டார்கள்? வாடை இல்லை என்று நான் சொன்னால் அது கூழ் டிரம்.

எர்ணாவூர் பக்கம் எங்கள் குடியிருப்பு. குழாயில் தண்ணீர் வந்தால் வரும். வராவிட்டால் லாரி. அதனால் வீட்டுக்கு இரண்டு டிரம்மாவது இருக்கும். வேறு கடையில் டிரம் வாங்கினாலும் என்னிடம் உருட்டிக்கொண்டு வருவார்கள். "யக்கா, கொஞ்சம் மோந்து சொல்லு." ஐந்தாவதோடு படிப்பு நின்றவள் நான். என் பேச்சை நாலு பேர் கேட்டு நடக்கிற விஷயம் இது ஒன்றுதான்.

அந்த மரியாதை எனக்கு இனித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

தேசம்மா என் பக்கத்து வீடு. காசிமேட்டில் மீன் விற்கிறவள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவள் சிரித்தால் மூன்றாவது மாடிக்குக் கேட்கும். கடனுக்கு மீன் கேட்டவளைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே இரண்டு மீன் கூடப் போடுவாள். அவளைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், பார்த்ததில்லை!

ஒருமுறை சோடாக் காரம் பட்டு என் இரண்டு கையும் தோல் உரிந்துபோனது. விரலை மடக்க முடியவில்லை. எனக்கு வேறு ஆள் கிடையாது. தேசம்மா அப்போது நிறைமாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து எனக்குச் சோறு ஊட்டினாள்.

"வாய நல்லா தொற யக்கா. உள்ள இருக்கறதுக்கு முன்னாடி வெளிய ஒரு கொழந்தைக்கு ஊட்டிப் பழவிக்கிறேன்."

எனக்குச் சிரிக்கத் தெரியாது. அன்றைக்குச் சிரித்தேன்.

அதற்கு என்ன திருப்பிச் செய்வது? பட்டறையில் வந்த டிரம்களில் ஆக நல்லதாக ஒன்றைத் தேடினேன். கிடைத்தது. கீறல் இல்லை. உள்ளே வழவழவென்று இருந்தது. தலையை விட்டு மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை... காற்று மட்டும்தான். இரண்டு முறை கழுவினேன். அவள் மகள் தர்ஷினி பிறந்து அவர்கள் வீடு வந்த அன்று கொண்டுபோய் வைத்தேன்.

"மாம்பழக் கூழ் டிரம்மு. உனக்காக எடுத்து வெச்சேன்" என்றேன்.

அவள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். அந்த டிரம்முக்கு மாம்பழம் என்றே பெயர் ஆயிற்று. "மாம்பழத்துல ஒரு சொம்பு மோந்துகினு வா" என்பாள்.

அதுவரை என் மேல் தப்பு இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன். ஏமாந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் தப்பு.

தர்ஷினி தத்தி நடக்கிற வயது. பட்டறைக்குப் புதிதாக ஒரு லாரி வந்தது. ஓட்டிவந்தவர் தண்டையார்பேட்டைக்காரர், மஸ்தான் பாய். நான் சுரண்டிக்கொண்டிருந்த லேபிளைப் பார்த்தார். அதே சிவப்புக் கோடு போட்ட லேபிள். தேசம்மாவுக்குக் கொடுத்த டிரம்மிலும் நான் அதைத்தான் சுரண்டினேன்.

"இன்னாம்மா, இத்த எதுக்கு அனுப்புறீங்கோ?"

"குடிக்கிற தண்ணிக்கு. வாடையே இல்ல பாய்."

"வாட இல்லன்னா நல்லதா? பைப்பு கம்பெனி எண்ணெம்மா இது! பிளாஸ்டிக்க இளக்கறதுக்கு ஊத்துறது. அந்த கம்பெனியில கையுறை போட்டுகினுதான் தொடுவாங்கோ. எவ்ளோ கழுவுனாலும் டிரம்முக்குள்ள ஊறிப்பூடும். நம்ம வூட்ல வெக்கமாட்டேன் பா."

போய்விட்டார். நான் அந்த டிரம்மையும் கழுவினேன். வாடை பார்த்தேன். இல்லை. கூழ் டிரம் வரிசையில் வைத்தேன்.

கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் நீங்கள் என்மேல் இரக்கப்படுவீர்கள். நடுங்கவில்லை.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். அவள் வாசல்வரை போனேன். உள்ளே தேசம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "எங்க யக்கா குட்த்தது. அது மூக்கு இருக்கே, நாய் தோத்துப்பூடும்!" என்று சொல்லிச் சிரித்தாள். நான் திரும்பிவிட்டேன்.

ஒரு நாள் சொல்லாமல் விட்டால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டம். 'நேத்தே ஏன் சொல்லல' என்று கேட்பாளே! ஒரு மாதம் போனது. பிறகு வருடங்கள். மஸ்தான் பாய் சொன்னது பொய்யாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் எத்தனை டிரம், யார் செத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு என்ன குறை...

தர்ஷினிக்கு ஏழு வயது. இரண்டாவது படித்தாள். ஒரு காலையில் தேசம்மா காசிமேட்டில் இருக்கிறாள்; அவள் புருஷன் போட்டில் கடலுக்குப் போயிருக்கிறான். குழந்தை என் கதவைத் தட்டினாள்.

"பெரிம்மா, நான் எங்கயும் வுழல. அடியே படல. ஆனா ரத்தம் வருது."

பார்த்தேன். புரிந்தது. ஏழு வயதில்! முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்காத குழந்தை!

அழவேண்டாம் என்றேன். குளிப்பாட்டினேன். எந்தத் தண்ணீரில்? அவர்கள் வீட்டு டிரம்மில் மொண்ட தண்ணீரில். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு சொம்பாக நினைவு வருகிறது.

அன்று தேசம்மா செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கூடையை இறக்கிவைத்தாள். மீன் வாடை போகக் கை கழுவினாள். மகளை மடியில் உட்காரவைத்து, "இது நோவு இல்ல கண்ணு. பெரிய பொண்ணுங்களுக்கு வர்றது, உனுக்குக் கொஞ்சம் அவசரப்பட்டு வந்துடுச்சு" என்றாள். பஞ்சு வைக்கப் பழக்கினாள். மறுவாரம் பள்ளிக்கூடத்துக்குத் தானே கூட்டிப்போய் டீச்சரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தாள். அழுதது அப்புறம். மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

சேதி கேட்டு அவள் நாத்தனார் வந்தாள். ஃப்ளெக்ஸ் அடிக்கணும், மண்டபம் பாக்கணும், தாய்மாமன் சீர் இன்னா என்று ஆரம்பித்தாள். குடியிருப்பே கேட்கும்படி சண்டை.

"பல்லு மொளைக்காத கொழந்தைய சேர்ல ஒக்காரவெச்சு மால போடச் சொல்றியா? கொஞ்சமாச்சும் இது கீதா உனுக்கு?"

"முறைன்னு ஒண்ணு கீது இல்ல? ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு வந்து எம் பொண்ணுக்குத் தல வாரி ஸ்கூலுக்கு இட்டுகினு போவுமா? போவும்னா சொல்லு, ஊருக்கே மண்டபம் புடிக்கிறேன்!"

விசேஷம் நடக்கவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போனாள். ஊரையே ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றாள் தேசம்மா. நான் ஒருத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லமுடியாமல் நின்றேன். இதை ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டுமா?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வயது கூடியிருக்கிறது என்றார்கள். இப்படியே விட்டால் சீக்கிரம் வளர்ச்சி நின்றுபோகும், குள்ளமாக நின்றுவிடுவாள், மாதாமாதம் ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டரம்மா. பொறுமையான பெண்மணி. ஏன் இப்படி என்று தேசம்மா கேட்டாள்.

"இதனாலதான்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாதும்மா. நிறைய குழந்தைங்களுக்குக் காரணமே தெரியறதில்ல. ஆனா வீட்டுச் சாமான் சிலதுல இருக்கிற கெமிக்கல், உடம்புக்குள்ள ஹார்மோன் மாதிரி வேஷம் போடும். பிளாஸ்டிக்கை இளக்குறதுக்குப் போடுறது, வாசனை நிக்கிறதுக்குப் போடுறது... குறைச்சுக்கிறது நல்லது."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். சூடான சாப்பாடு கவரில் வாங்குவீர்களா? வாங்குவோம். பவுடர்? போடுவோம். நெயில் பாலிஷ்? குழந்தைக்கு ஆசை. தரையில் பிளாஸ்டிக் ஷீட்? இருக்கிறது.

"தண்ணி எதுல பிடிச்சு வைக்கிறீங்க?"

"டிரம்முல மேடம்" என்றாள் தேசம்மா. "இதோ, யக்கா குட்த்தது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "பழைய டிரம்மா? அதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பக்கத்தில் தர்ஷினி, ரத்தம் எடுத்த கையைப் பிடித்துக்கொண்டு. நான் சொன்னேன்:

"சாப்பாட்டுச் சாமான் மேடம். மாம்பழக் கூழ்."

சரி என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

டிரம்மினால்தான் இது வந்தது என்று யாரும் சொல்லவில்லை. டிரம்மினால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அந்த எண்ணெயைப் பற்றி யாருக்கும் நான் சொல்லவில்லையே!

வீட்டுக்கு வந்ததும் தேசம்மா சேலையை இழுத்துச் செருகினாள். பிளாஸ்டிக் டப்பாக்களை வாரி வெளியே எறிந்தாள். தரை ஷீட்டைச் சுருட்டினாள். ரோஸ் கலர் தண்ணீர்ப் பாட்டிலுக்காகக் குழந்தை அழுதாள். எவர்சில்வர் சொம்பைக் கையில் கொடுத்து, "இது கீழ வுழுந்தா டமால்னு சத்தம் வரும், உங்க மிஸ்ஸே பயப்படுவாங்க" என்று சமாதானம் செய்தாள். பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"இத்த போட்டா செவப்பாவேன்னு பாத்தேன் யக்கா. மீனுதான் என்னப் பாத்து மெரண்டுச்சு."

எறிந்தாள். நான் கூட நின்று எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் வீட்டில் நீலமாக நின்றது டிரம் மட்டும். அதன் மேல் கை வைத்தாள்.

"இது இருக்கட்டும். இது மேல எனுக்கு டவுட்டே கெடையாது. இது நீ குட்த்தது."

என் வாய்... அப்போதும் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, சீட்டு எடுத்து எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் மாற்றினாயே, இதையும் மாற்றிவிடு என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உனக்குத் தங்கமான மனசு என்றாள். பழைய டிரம்மைக் கீழ்வீட்டில் முழுகாமல் இருக்கிற பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று உருட்டவும் ஆரம்பித்துவிட்டாள்!

"வேணாம். எனக்கு வேணும்" என்று பிடுங்கிக்கொண்டேன். அல்பம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். பட்டறைக்குக் கொண்டுபோய் நானே ரம்பம் போட்டு அறுத்தேன்.

கூழ் டிரம் என்று சொல்லிக் குடிதண்ணீருக்குத் தருவதை அன்றோடு நிறுத்தினேன். முதலாளி கத்தினார். வேறு ஆளை வைத்து மோந்து பார்க்கிறார். நான் கழுவ மட்டும் செய்கிறேன். வயிறு இருக்கிறதே.

தேசம்மா வேறு மாதிரி. தன் வீட்டோடு நிறுத்தவில்லை. காசிமேட்டில் அவள் கூடை முன்னால் நின்று கவர் கேட்டால் மீன் கிடையாது.

"வூட்டுக்குப் போயி குண்டான் எத்துகினு வா. இல்ல, முந்தானையில கட்டிகினு போ."

"பக்கத்துல கவரு தர்றாங்க, அங்க வாங்கிக்கிறேன்."

"வாங்கிக்கோ ராசாத்தி. கவர கொழம்பு வெச்சுத் தின்னு."

முதலில் வியாபாரம் படுத்தது. பாதிக் கூடையோடு திரும்பி வருவாள். அசரவில்லை. மெதுவாகப் பாத்திரத்தோடு வர ஆரம்பித்தார்கள். இவள் மீன் நல்ல மீன், அதையும் சொல்லவேண்டும். மாதம் ஒரு நாள் கூடையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, குழந்தையைப் பஸ்ஸில் ஊசிக்குக் கூட்டிப்போவாள். ஒரு மாதமும் தவறியதில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் குடியிருப்புப் பெண்களைக் கீழே கூட்ட ஆரம்பித்தாள். முதல் நாள் நானும் போனேன். பேசுவதற்கு முன் தர்ஷினியிடம் கேட்டாள்: "உன்னப் பத்திச் சொல்லட்டா?" குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது. கொஞ்சம் யோசித்து, "சொல்லு, ஆனா பேர் சொல்லாத" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பேர் தெரியாதவர்கள் யார்?

தேசம்மா எழுந்து நின்றாள்.

"எம் பொண்ணு ஏழு வயசுல ஒக்காந்தா. தெரியும்ல? இன்னாத்தாலன்னு டாக்டருக்கே தெரியல. ஆனா எனுக்குத் தெரியும். கொதிக்கிற சாம்பார கவர்ல வாங்கியாந்து ஊட்டுனது நானு. பால சூடா பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்திக் குட்த்தது நானு. வாசனையா இருக்கட்டும்னு கண்டதையும் பூசுனது நானு. என் தப்பு. நீங்க அந்தத் தப்ப பண்ணாதீங்க. அவ்ளோதான்."

அத்தனை பெண்கள் முன்னால், தலை குனியாமல், என் தப்பு என்று சொல்கிறாள்! அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? எத்தனை பிறவி எடுத்தால் எனக்கு வரும்?

அப்புறம் என்னைக் கைகாட்டினாள். "டிரம்ம பத்தி யக்கா சொல்லும். அதுக்குத்தான் தெரியும்."

எழுந்தேன். வாடை இல்லாவிட்டால் நல்ல டிரம் என்று இத்தனை நாள் சொன்னேன், அது தப்பு என்றேன். கம்பெனி டிரம் எதிலும் குடிக்கிற தண்ணீர் வைக்காதீர்கள் என்றேன். எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். வாடையே இருக்காது, கழுவினாலும் போகாது என்றேன். யார் வீட்டில் இருந்தாலும் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லச் சொல்ல நெஞ்சு இளகியது. இதோ, இன்னும் ஒரு வார்த்தைதான், அதையும் சொல்லிவிடப் போகிறேன் என்று இருந்தது.

கீழ்வீட்டுப் பெண் கேட்டாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

"அப்ப தேசம்மா வூட்ல இருந்துச்சே யக்கா, மாம்பழம்... அது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேசம்மாவும் பார்த்தாள். பயம் இல்லை அவள் முகத்தில். ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிற முகம். ஒருவேளை அவளுக்கு அப்போது அது தேவையாக இருந்ததோ? தன் மேல் இருக்கிற பாரத்தில் பாதியையாவது இன்னொருவர் வந்து இறக்கமாட்டார்களா என்று...

"அது வேற" என்றேன்.

தேசம்மா தலையாட்டினாள். மெதுவாக மூச்சை விட்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். எனக்குக் கேட்டது.

"அப்ப மத்தது எல்லாம் நான் பண்ணதுதான்."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. நான் பாயைச் சுருட்டினேன்.

தேசம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இவ்வளவு நீளம் படிக்கமாட்டாள். அது தெரிந்துதான் எழுதுகிறேனோ? தர்ஷினி படிப்பாள். நன்றாகப் படிக்கிறவள். ஊசி இன்னும் போடுகிறார்கள். உயரம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. படித்தால் படிக்கட்டும் என்று சொல்லப் பார்க்கிறேன். மனதார வரவில்லை.

இப்போது பக்கத்துக் குடியிருப்புகளிலும் தேசம்மாவைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் புளியந்தோப்பு. துணைக்கு நான் போகிறேன். முன்னால் போய்ப் பாய் விரிப்பேன். பெண்கள் வந்து உட்காருவார்கள். தேசம்மா எழுந்து, தன் தப்பு என்று சொல்வாள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

வருகிற ஞாயிறு கொடுங்கையூர்.